ஜன்னலுக்கு வெளியே சுவர்

ரேகாவின் உடம்பில் ஒரு தீக்காயம்கூட இல்லை.

புகைதான் கொன்றிருந்தது. மாடி அறையில், ஜன்னலுக்குக் கீழே சுருண்டு கிடந்தாள். ஜன்னல் திறந்துதான் இருந்தது. ஆனால் வெளியே...

சுவர்!

கை நீட்டினால் தட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர். அதில் புதிதாய் இடித்த ஒரு ஓட்டை.

இன்ஸ்பெக்டர் கலைமணி எத்தனையோ பிணங்களைப் பார்த்தவள். இந்த முகத்தை மட்டும் பார்க்க முடியவில்லை. இருபத்தாறு வயசு. திங்கட்கிழமை சிதம்பரம் அண்ணாமலை நகரில் லெக்சரர் வேலையில் சேர வேண்டியவள். கட்டிலில் பாதி அடுக்கிய பெட்டி.

கீழே இறங்கி வந்தாள். ரிட்டயர்டு வாத்தியார் தேவசகாயம் எழுந்து நின்றார். ரேகாவின் அப்பா. மகளுக்கு வாடகைக்கு ரூம் பார்க்கச் சிதம்பரம் போனவர், கடலூர் திரும்பியபோது வாசலில் தீயணைப்பு வண்டி நின்றிருந்தது.

"கொலை மேடம். பண்ணவன் பக்கத்து வூட்லதான் இருக்கான்."

"யாரு?"

"சார்லஸ். செத்துப்போன என் பொண்டாட்டியோட தம்பி. அவன் வூடு கட்டுனதுலேர்ந்து பேச்சு வார்த்தை இல்ல. என் பொண்ணு ஜன்னலுக்கு நேரா செவுரு வச்சான். அந்த ஓட்டை காலையில கெடையாது. அது வழியாத்தான் நெருப்பு வச்சிருக்கான்."

கலைமணி வீட்டின் மறுபக்கம் போனாள். தேவசகாயமும் பின்னால் வந்தார். ஷீட் போட்டு மூடிய மாடிப்படி. அதன் கீழே கருகிப்போன எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். சார்ஜர் ஒயர் இன்னும் பிளக்கில் தொங்கியது.

"நெருப்பு இங்கதான் சார் ஆரம்பிச்சிருக்கு. புகை பூரா படி வழியா மேல ஏறியிருக்கு. கீழ எறங்க வேற வழி?"

"இல்ல."

பக்கத்து வீட்டு வாசலில் சார்லஸ் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையிலும் கட்டு.

"ஓட்டைய யாரு போட்டது?"

"நான்தான் மேடம்."

"எதுக்கு?"

"புள்ள கத்துச்சு. 'மாமா... மாமா'ன்னு. கடப்பாறைய எடுத்து என் செவுத்த இடிச்சேன். கைய விட்டேன். என் வெரலைப் புடிச்சிக்கிச்சு. ஜன்னல் கம்பிய வளைச்சிப் பாத்தேன் மேடம், முடியல. கொஞ்ச நேரத்துல... அது புடி தளர்ந்து போச்சு."

கலைமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காக்கிச்சட்டை போட்டால் அழக்கூடாது என்று யார் சொன்னது?

"இவ்ளோ ஒட்டி ஏன் கட்டுனீங்க?"

"ஒரு பக்கமாவது இடம் விடணும்னு ரூல். நான் அந்தப் பக்கம் விட்டிருக்கேன், பாருங்க. என் மனை காலியா கெடந்தப்பவே மாமா எல்லைச் செவுத்துல ஜன்னல் வச்சிட்டாரு. 'நான் கட்டுனா அடைஞ்சி போவும் மாமா'ன்னேன். 'சொந்த மச்சான் அடைக்க மாட்டான்'னு சிரிச்சாரு."

பின்னால் யாரோ மூச்சு வாங்கும் சத்தம். தேவசகாயம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தார்.

"நீங்களும் ஒரு பக்கம் இடம் விட்டிருக்கணுமே சார். எங்க?"

"அதுலதான் மேடம்... படிய கட்டி மூடுனேன்."

"பர்மிஷன் எப்பிடிக் குடுத்தாங்க?"

"புதுச் சட்டம் வந்துதே. சின்ன வூட்டுக்கு யாரும் வந்து அளக்கறது இல்ல. ரூல்படி கட்டுறேன்னு நாமளே கையெழுத்துப் போட்டுச் சான்று குடுத்தா, கம்ப்யூட்டர்லயே பர்மிஷன் வந்துடும். ஆபீசுக்கு நடையா நடக்க வேணாம்னு சந்தோஷப்பட்டேன்."

அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். சார்லஸ் எழுந்து வந்து, கட்டுப்போட்ட கையை அவர் தோளில் வைத்தான். இத்தனை நாள் பேசாத இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள்.

தேவசகாயம் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஒரே ஒரு ஆபீசர் வந்து பாத்திருந்தா எல்லாத்தையும் இடிக்கச் சொல்லியிருப்பான். எம் பொண்ணு உயிரோட இருந்திருப்பா. பாக்காமலே எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டவன் மேல கேஸ் போடுங்க மேடம்."

கலைமணி தொப்பியைக் கழற்றினாள்.

"போடுறேன் சார். உங்க முழுப்பேரு சொல்லுங்க."