கயிற்றின் மறுமுனை

“ஒரு தடவ இழுத்தா, நல்லா இருக்கியான்னு கேக்குறேன்னு அர்த்தம். நீயும் ஒரு தடவ இழு. பதில் வரலன்னா உடனே மேல போயிடு.”

“வந்தா?”

“வந்தா நான் இருக்கேன்னு அர்த்தம், லூசு!”

காலையில் கஞ்சியைக் கிளறியபடி எர்லண்ட் சொன்னது, கலங்கிய பச்சை நீருக்குள் தோராவுக்கு நினைவு வந்தது. இருவர் மணிக்கட்டையும் இணைத்த கயிற்றை அவள் இழுத்ததும் பதில் வந்திருந்தது. ஆனால் பக்கத்திலிருந்து அல்ல. கீழே, உடைந்த கப்பலுக்குள்ளிருந்து.

ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளை ஒட்டிய கடலில் அந்தக் கப்பல் ஆழத்தில் இல்லை. நல்ல வெயிலில் படகிலிருந்தே அதன் முதுகு தெரியும். போன இலையுதிர்காலத்தில் எர்லண்டின் தம்பி சிகுர்ட் அதற்குள் நீந்திப் போனான். உடல்கூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் எர்லண்ட் தேடுகிறான். அவனைத் தனியே விட மனமில்லாமல் அவளும் இறங்குகிறாள். அவனையும் இந்தக் கப்பல் எடுத்துக்கொள்ளும் முன் ‘போதும்’ என்று சொல்லிவிட வேண்டும். மாதக்கணக்கில் அது தொண்டையிலேயே கிடக்கிறது.

கையுறைக்குள் விரல்கள் மரத்துப்போக, தன் மூச்சு சீறி உள்ளே போய்க் குமிழிகளாகப் பொங்கும் ஓசையைத் தவிர வேறெதுவும் கேட்காமல், பாசி அசையும் இரும்பு விலாக்களுக்கிடையே கயிறு நுழைந்து மறையும் இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து அவன் குமிழிகள் எழ வேண்டும்.

எழவில்லை.

இழுத்தாள். பதில் வந்தது.

மீண்டும். வந்தது.

பிறகு, அவள் இழுக்காமலே வந்தது.

தோரா மேல்நோக்கி உதைத்தாள். கயிறு தடுக்கவில்லை. கூடவே வந்தது.

படகின் விளிம்பில் எர்லண்ட் நின்றிருந்தான். முகம் வெளுத்திருந்தது.

“எங்க போன தோரா? இறங்கின உடனேயே என் சிலிண்டர்லேர்ந்து காத்து வர்ற குழாய் குளிர்ல உறைஞ்சுபோச்சு. கயித்தக் கழட்டி விட்டுட்டு மேல வந்துட்டேன். பதில் வரலன்னா நீயும் வந்துடுவேன்னுதான...”

“வந்துச்சே,” என்றாள் அவள்.

அவன் காதில் அது விழவில்லை. அவளைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு, மாற்றுக் குழாயைத் தேடி எடுத்தான்.

“நீ இங்கயே இரு. நான் மட்டும் இன்னொரு தடவ...”

அவன் சட்டையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டாள்.

“வேணாம். போதும். அந்தக் கப்பல விட்டுட்டு வா. எங்கூட வீட்டுக்கு வந்துடு!”

எர்லண்ட் வாய் திறக்கும் முன், அவள் மணிக்கட்டில் கயிறு இறுகியது.

ஒரே ஒரு தடவை.

பிறகு தளர்ந்தது. மெல்ல மெல்ல. மேலே ஏறி வரும் ஒன்றின் வேகத்தில்.