வரிசையின் கடைசி ஆள்

நெவிலுக்கு வலப்பக்கம் யாரோ நடந்து வந்தார்கள். அங்கே நடக்க இடமே கிடையாது. வரிசையில் கடைசி ஆள் நெவில்தான்; அவருக்கு அப்பால் உழவு மண் இரண்டு எட்டில் முடிந்து, கீழே செங்குத்தாகக் கடல்.

இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரையின் நவம்பர் பனிமூட்டம் வயலோடு அப்பிக் கிடந்தது. பழங்காலப் பானை ஓடும் நாணயமும் தேடி, குழுவினர் இடைவெளி விட்டு, தலை குனிந்தபடி நகர்ந்துகொண்டிருந்தார்கள். அழுகிய கிழங்கு இலையின் வாடை. பூட்ஸைச் சேறு விடும்போதெல்லாம் ஒரு சளக். இந்த வேலையில் யாரும் பக்கத்து ஆளைப் பார்ப்பதில்லை. நெவிலுக்கும் ஒரு வாரமாக யார் முகத்தையும் பார்க்கத் தெம்பில்லை.

"நீ கண்டெடுத்த வெண்கல ப்ரூச்சை, அந்தக் காலத்துச் சட்டை ஊசியை, ஊரே மெச்சுதுப்பா," என்றார் இடப்பக்கம் வந்த குழுத் தலைவி டோரீன். "மியூசியத்துல வைக்கப்போறாங்களாம். இனிமே உன்னைக் கையில பிடிக்க முடியாது."

"அட, விடு டோரீன்."

"மேல் மண்ணுலயேவா கிடந்துச்சு?"

"ஆமா."

பொய். போன ஞாயிறு இதே விளிம்பில் தனியாக வந்தபோது, உலோகம் தேடும் டிடெக்டர் கூவியது. தோண்டினால், ப்ரூச்சுக்குப் பக்கத்தில் சின்ன மண்டையோடு ஒன்று. எலும்பு கண்டால் போலீசுக்குச் சொல்லவேண்டும். சொன்னால் வயலை மூடிவிடுவார்கள், ப்ரூச்சும் போய்விடும். அவர் மண்டையோட்டைக் காலால் தள்ளினார். அது உருண்டு கடலுக்குள் போனது. ஒரு குழந்தையின் தலை. அதைக் காலால். நினைக்க நினைக்க உடம்பெல்லாம் கூசியது.

வலப்பக்கம் மறுபடியும் சளக். சின்னக் கால்கள்.

"உனக்கு அந்தப் பக்கம் யாரு அந்தப் பொடிசு?" குனிந்தபடியே கேட்டார் டோரீன். "ஒட்டி ஒட்டி வருதே. தள்ளி நடக்கச் சொல்லு."

சொல்லிவிடலாம், எல்லாவற்றையும், இப்போதே. வாய் வரை வந்தது. கூடவே, மெச்சிய முகங்களும் கண்முன் வந்தன.

"யாரோ புதுசு," என்றார். "பழகட்டும்."

டோரீனின் காலடி முன்னே போய்ப் பனிக்குள் மங்கியது. நெவிலின் கால் நகரவில்லை. ஆழத்து மண்ணின் வாடை. மிக அருகில்.

திரும்பினார்.

விளிம்புக்கு வெளியே, வெறும் காற்றில், குனிந்த முதுகுகளின் வரிசை. ஒரே இடைவெளி. பனிக்குள் நீண்டுகொண்டே போனது. எல்லாம் தேடிக்கொண்டிருந்தன.

அருகில் இருந்தது நிமிர்ந்தது. அவர் இடுப்பு உயரம்தான். தோளுக்கு மேல் எதுவும் இல்லை.

முட்டி மடங்கிச் சேற்றில் விழுந்தார்.

"பாப்பா," என்றார். "தப்புதான். தப்புதான், பாப்பா."

ஈரமான சின்னக் கைகள் அவர் கன்னங்களைப் பற்றின. கட்டைவிரல் ஒன்று, கண்டெடுத்த பொருளை எல்லோரும் துடைப்பது போலவே, அவர் நெற்றிச் சேற்றைப் பொறுமையாகத் துடைத்தது. பிறகு கைகள் தாடைக்கு அடியில் போயின.

தலையை மெல்ல அசைத்துப் பார்த்தன, மண்ணிலிருந்து பெயர்ப்பது போல.