காயாத மூன்றாவது கதவு

மூன்றாவது கதவு மட்டும் காயவில்லை. வடவள்ளியில் மயில்சாமி கட்டிய புது வீட்டின் சமையலறையில் பன்னிரண்டு அலமாரிக் கதவுகளுக்கும் ஒரே சட்டியில் கரைத்த அரக்கு பாலிஷைத்தான் சிக்கந்தர் பூசியிருந்தான். மற்ற பதினொன்றும் கால் மணியில் இறுகிப் பளபளக்க, இது மட்டும் இப்போதுதான் தேன் தடவியது போல மினுங்கிக்கொண்டிருந்தது.

வெளியே பூட்டச் சொன்னது அவன்தான்.

“ஏனுங்க, பூட்டிட்டே போயிருங்க. யாராச்சும் கதவத் தொறந்தா தூசி வந்து பாலிஷ்ல ஒட்டிக்கும். நாளைக்குப் பால் காய்ச்சறப்ப உங்க சம்பந்தி மூஞ்சி இதுல தெரியோணும்.”

“அந்த மூஞ்சிய இதுல வேற பாக்கோணுங்களா பாய்?” சிரித்துக்கொண்டே பூட்டினார் மயில்சாமி. “அஞ்சு மணிக்கு வாரேனுங்க.”

கம்பி போட்ட ஜன்னல்களைச் சாத்தி, இடுக்கெல்லாம் செய்தித்தாள் ஒட்டியாயிற்று. தாளின் வழியே மஞ்சளாகக் கசிந்த வெயிலும், தொண்டையைக் கரகரக்க வைக்கும் ஸ்பிரிட் நெடியும், எங்கோ விடாமல் ஓடிய தறிச்சத்தமும்தான் அவனுக்குத் துணை.

குனிந்து பார்த்தான். ஈரத்தில் ஐந்து விரல் தடம்.

தன் கைதான் பட்டுவிட்டதென்று உப்புத்தாளால் தேய்த்து, துணிப்பந்தை நனைத்து மறுபடி பூசினான். துணியை எடுப்பதற்குள் தடம் எழுந்தது. தடவிப் பார்த்தான். கை பட்டால் பள்ளம் அல்லவா விழ வேண்டும்?

இது மேடு. உள்ளேயிருந்து அழுத்தியது போல.

காலையில் அவனே துடைத்த காலி அலமாரி அது.

பக்கத்துக் கதவில் இன்னொரு கை எழுந்தது. அதற்கடுத்ததிலும்.

வாசலுக்கு ஓடினான். பூட்டு. கத்த வாயைத் திறந்தான். மூச்சுதான் வந்தது. தொண்டைக்குள் ஏதோ வழுவழுப்பாக இறுகியிருந்தது. கதவோடு ஒட்டி நின்றான். எவ்வளவு நேரமோ.

வெளியே மயில்சாமியின் டி.வி.எஸ். ஐம்பது வண்டி வந்து நின்றது.

“பாய்! காஞ்சுருச்சுங்களா? தொறக்கட்டுங்களா?”

இரண்டு கைகளாலும் கதவை அறைந்தான்.

“ஏனுங்க இந்தத் தட்டு தட்டறீங்க?”

சமையலறைக்குள்ளிருந்து சிக்கந்தரின் குரல் பதில் சொன்னது.

“ஆணி அடிக்கறேனுங்க. இன்னும் காயலீங்க. தொறந்துபோடாதீங்க, அத்தனையும் வீணாப் போயிரும். காலைல வாங்க.”

இல்லை. நானில்லை. உதடு மட்டும் அசைந்தது. அறைந்தான். மறுபடி அறைந்தான்.

“சரிங் பாய். மெதுவா அடிங்க, புதுச் செவுரு.”

வண்டிச் சத்தம் தேய்ந்தது.

சிக்கந்தர் திரும்பினான். சமையலறையில் மூன்றாவது கதவு திறந்துகொண்டிருந்தது. முதலில் விரல்கள். அரக்கு நிறம். நகமில்லை. நுனியில் சொட்டும் ஈரம்.

அடுத்த கதவு.

அதற்கடுத்தது.

பன்னிரண்டும்.