கொன்றவன் எழுதிய சிரிப்பு

பல் துலக்கிக்கொண்டிருந்த சொர்ணலதாவின் காதுக்குள் உணர்மணி பேசியது.

"நேற்று நீங்கள் படித்த நாவல் உங்கள் இதயத் துடிப்பை அனுமதித்த அளவுக்கு மேல் உயர்த்தியது. மனநலக் காப்புக் குழுவின் ஆணைப்படி நூல் எல்லோருக்கும் பூட்டப்பட்டுள்ளது. மன்னிக்கவும்."

"மன்னிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வாயைக் கொப்பளித்தாள்.

செவ்வாய்க் கோளின் மருதப்பட்டிக் குடியிருப்பில் இது யாருக்கும் புதிதல்ல. அரிசி அளவில் ஒரு மணி எல்லோர் காதுக்குள்ளும் ஒட்டியிருக்கும். கதவு திறப்பதும் கடையில் பொருள் வாங்குவதும் அதனால்தான். மனத்தை உலுக்கும் புத்தகத்தைப் பூட்டுவதும் அதுவே. அதைக் கழற்றக் கூடாது என்று சட்டம் இல்லை. கழற்றினால் அங்கே வாழ முடியாது என்பதால் யாரும் அப்படி ஒரு சட்டம் போட மெனக்கெடவில்லை.

அவள் படித்தது ஆயுள் கைதி ஞானசிகாமணி எழுதிய நாவல். பனிச் சுரங்கத்தில் உடன் வேலை பார்த்தவனோடு தகராறு முற்றி, குடியிருப்பின் காற்றை அடைத்துவைக்கும் கூரைக்கு வெளியே வைத்து அவனுடைய காற்றுக் குழாயை அறுத்தவன். அப்படிச் செத்துப்போன துரைமாணிக்கம் சொர்ணலதாவின் தம்பி.

பூட்டை எடுக்கச் சொல்லி, மருதப்பட்டியின் ஒரே பல் மருத்துவரான அவள் அன்றே மனநலக் காப்புக் குழுவின் முன் போய் நின்றாள். தலைவர் தணிகைவேல் எழுந்து வணக்கம் சொன்னார்.

"உக்காருங்க டாக்டர். உங்க நல்லதுக்குத்தான் பூட்டினோம். கொலைகாரன் எழுதினதைப் படிச்சா, செத்தவங்க குடும்பம் எவ்வளவு வேதனைப்படும்?"

"அந்தக் குடும்பம் நான் ஒருத்திதாங்க. என்னை யாரு கேட்டீங்க?"

"கேட்டா இன்னும் வேதனைப்படுவீங்கன்னுதான்..."

"நீங்க அதைப் படிச்சீங்களா?"

"சேச்சே! அதையெல்லாம் நான் ஏன் படிக்கணும்?"

"'கடைசி மூச்சு' பாத்தீங்களா?"

தணிகைவேல் மேசையிலிருந்த தண்ணீரைக் குடித்தார். 'கடைசி மூச்சு' ஓர் அனுபவக் காட்சி. துரைமாணிக்கம் மூச்சுக்குத் தவித்த அந்தச் சில நிமிடங்களை உணர்மணி வழியாகப் பார்ப்பவரின் நெஞ்சுக்குள்ளேயே இறக்கும். மருதப்பட்டியில் அதைப் பார்க்காத வீடு இல்லை. விருந்தாளி வந்தால் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பார்கள்.

"அது செய்தி வகையில வருதும்மா. நடந்ததைக் காட்டறாங்க. இது கற்பனை. கொலைகாரனோட கற்பனை."

"உங்க எல்லாருக்கும் என் தம்பி சாகத் தெரிஞ்சவன், அவ்வளவுதான். இந்த நாவல்ல அவன் உயிரோட இருக்கான். எழுதினவன் பேரை மாத்தியிருக்கான், ஆனா அது என் தம்பிதான். சீட்டாட்டத்துல தோக்கப்போறான்னா சீட்டைத் தொடைக்கடியில ஒளிச்சுட்டு, கேட்டா கெக்கெக்கேன்னு சிரிப்பான். அந்தச் சிரிப்பை எழுதினவன் அப்படியே எழுதியிருக்கான். அங்கதான் என் நெஞ்சு அடிச்சுது."

"கொன்னவன் எழுதினதாச்சே, டாக்டர்?"

"ஆமா. எனக்கு அவன் மேல இருக்கிற வெறுப்பு துளிகூடக் குறையல. குறையணும்னு படிக்கவும் இல்ல. இவ்வளவு நல்லாத் தெரிஞ்ச ஒருத்தனை எப்படிக் கொல்ல முடிஞ்சுதுன்னு பக்கத்துக்குப் பக்கம் உடம்பு நடுங்குது. நடுங்கட்டும். அது என் நடுக்கம்."

தணிகைவேல் தன் காதைத் தொட்டுக் காட்டினார். "மணி காதுல இருக்கிறவரைக்கும் பூட்டை எடுக்க வழியில்லம்மா."

சொர்ணலதா சட்டைப் பையிலிருந்து இடுக்கியை எடுத்தாள். பத்து வருஷமாகப் பிறர் வாய்க்குள் போய்வந்த கை, தன் காதுக்குள் போனபோதும் நடுங்கவில்லை. மணியை மேசைமேல் வைத்தாள். ஒரு சொட்டு ரத்தமும் கூடவே விழுந்தது.

"கதவு திறக்காது, டாக்டர்! சோறு வாங்க முடியாது!" என்று கத்தினார் தணிகைவேல்.

"பல்வலி வந்தா நீங்களே கதவைத் திறந்துக்கிட்டு வருவீங்க. வரும்போது சோறும் கொண்டாங்க."

நடைவழியின் கோடியில் கதவு, மணி இல்லாத அவளை அடையாளம் தெரியாமல் மூடியே நின்றது. அதன் முன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து நூல்பலகையை எடுத்தாள். அதைப் பூட்ட இப்போது அவள் காதில் மணி இல்லை, நாவல் திறந்துகொண்டது.

கடைசிப் பக்கம்வரை புரட்டி முடித்தபோது பின்னால் காலடிச் சத்தம். தணிகைவேல் தனியாக வந்து அவள் அருகே குனிந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டாக்டர், ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்காதீங்க. குழாயை அறுக்கிற இடம்... எந்தப் பக்கத்துல வருது?"

"வரவே இல்லைங்க. முழுக்கப் புரட்டிப் பாத்துட்டேன். அவங்க கடைசியா வேலைக்குக் கிளம்பறதோட கதை முடியுது."

அவர் முகம் தொங்கிப்போனது.

"கொலையே இல்லையா?" என்றார். "இதுக்குப் போயா இவ்வளவு தடை போட்டோம்?"

மறுநாள் குழு நாவலின் பூட்டை எல்லோருக்கும் எடுத்துவிட்டது. மருதப்பட்டியில் யாரும் அதைத் திறக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு, சோற்றோடு பல் பிடுங்க வந்தவர்களுக்கு மட்டும், மரப்பு ஊசி போட்டு வாய் மரத்துப்போகும்வரை, சொர்ணலதா உரக்கப் படித்துக் காட்டினாள். பிடிக்காதவர்கள் வலியோடு போகலாம் என்றாள். ஒருவரும் போகவில்லை.