கேட்டதாகச் சொன்ன சத்தம்

"சத்தம் வரலைங்க" என்றாள் அவள், கார் சாவியை நீட்டியபடி.

"வரும்."

"நானே மூணு ரவுண்டு ஓட்டிட்டு வந்தேன். வரல. வராத சத்தத்துக்கு நான் ஸ்பேனர் எடுக்க மாட்டேன்."

மழை தகரக் கூரையில் கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேருமே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அதனால்தான் முதல் பேச்சே சண்டையாகிவிட்டது என்று பிற்பாடு அவன் சொல்வான். சும்மா சொல்வது. மழை இல்லாவிட்டாலும் அவள் அப்படித்தான் பேசுவாள். போர்டில் என்ன எழுதியிருந்தாலும் ஊருக்கு அது 'கறார் ஒர்க்‌ஷாப்'. கறார் என்பது அவள்தான். கெட்டுப்போனதை மட்டும் தொடுவாள். கழற்றிய பழைய பாகத்தை வண்டிக்காரர் கையிலேயே கொடுப்பாள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்பாள். முப்பது வயதில் அவள் சேர்த்த சொத்து அந்த ஒரு பெயர்தான்.

"எங்க மாமாவோட சர்வீஸ் சென்டர்ல ஸ்டியரிங் ரேக்கையே மாத்தணும்னு எழுதிட்டாங்க" என்றான் அவன். "சத்தத்தைக் கேட்டீங்களான்னா, கேக்கவே வேண்டாம், எங்களுக்குத் தெரியும்கிறாங்க. எனக்கு அது ஒத்துக்கல. ஆஸ்பத்திரியில காது பரிசோதனை பண்றவன் நான். சோதிக்காமலே ஒருத்தர் காதுல மெஷினை மாட்டிவிட்டா சும்மா விடுவாங்களா?"

அப்போதுதான் அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். மழைத்துளி விழுந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். கண்ணாடி இல்லாத அந்தக் கண்கள்... யாரையும் ஏமாற்றத் தெரியாத கண்கள் என்று நினைத்தாள். எவ்வளவு தப்பு என்று பார்க்கத்தான் போகிறோம்.

"எப்ப வருது?"

"அம்மாவைக் கூட்டிட்டுப் போறப்ப. திரும்பினா 'டொக்'குனு..."

"தனியாப் போறப்ப?"

யோசித்தான். "இல்ல..."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? ஏறுங்க. பக்கத்து சீட்ல."

முதல் முனையில் வண்டி திரும்பியதும் வந்தது. டொக். இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்து... ஒரே நேரத்தில் ரோட்டைப் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று முழுக்க வண்டிக்கு அடியில் கிடந்தாள். சக்கரம், அதைத் திருப்பும் ரேக், எல்லாம் சுத்தம். ஒரு குறையும் இல்லை. "தெரியலைங்க. வண்டி இங்கயே இருக்கட்டும், நாளைக்கு வாங்க" என்றாள்.

மறுநாள் அவன் ஓட்டினான், அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க பாட்டுக்குப் பேசிட்டே வந்தா சத்தம் எப்படிங்க கேக்கும்?"

"எனக்கு ரெண்டும் கேக்கும். தொழில் அப்படி."

"அப்ப நான் மனசுக்குள்ள திட்டுறது?"

"அது நேத்தே கேட்டுச்சு."

ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். சிரிக்கும்போதே... டொக். அவளுக்கு அடியிலேயே.

அவன் பஸ் ஏறிப் போன பிறகு சீட்டுக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தாள். சீட்டைத் தரையோடு பிடித்திருக்கும் நாலு போல்ட்டில் ஒன்று லூஸ். ஆள் உட்கார்ந்தால்தான் அசையும். இரண்டு நிமிட வேலை. முடுக்கினாள். போனை எடுத்து, 'சரியாயிடுச்சு, வந்து எடுத்துக்கங்க' என்று அடித்தாள். அழித்தாள். 'நாளைக்கும் ஒரு ரவுண்டு பாக்கணும்' என்று அனுப்பினாள். பத்து வருடத்தில் வண்டிக்காரர் ஒருவரிடம் அவள் சொன்ன முதல் பொய்.

மூன்றாம் நாள், அதே முனை. வண்டி வெண்ணெயாகத் திரும்பியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். 'போயிடுச்சே' என்பான் இப்போது. சாவியோடு போயே போய்விடுவான்...

"வந்துச்சு" என்றான் அவன், ரோட்டையே பார்த்தபடி. "லேசா..."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் காது மடல் சிவந்திருந்தது. அடப்பாவி... சந்தோஷம் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அவன் பொய்யை அவள் வெளியே சொன்னால் தன் பொய்யையும் அல்லவா சொல்ல வேண்டும்?

ஒர்க்‌ஷாப் திரும்பினால், வாசலில் அவன் மாமா. உள்ளே பெஞ்சில் தங்கள் வண்டிக்காகக் காத்திருந்த டீச்சரும் டாக்சிக்காரரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு சத்தத்துக்கு மூணு நாளாம்மா? மாப்ள, நின்னுச்சா?"

"அது... லேசா வருது மாமா..."

"பாத்தியா? ரேக்குதான். அதைக் கண்டுபிடிக்கத் தெரியல, உனக்கெல்லாம் ஒரு ஒர்க்‌ஷாப். எங்க அக்கா வண்டி இது. அவளுக்கு ஒண்ணுன்னா நீயா வந்து நிப்பே? மாப்ள, வண்டியை எடு. நம்ம இடத்துல மாத்திக்கலாம்."

டீச்சர் எழுந்து, ஜாக்கியில் நின்ற தன் காரைக் கவலையோடு பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டால் மானம் மிஞ்சும், ஆனால் பத்து வருடத்துப் பெயர் போகும். நல்ல ரேக் குப்பைக்குப் போகும். திறந்தால்... சந்தி சிரிக்கும்.

சிரிக்கட்டுமே என்று ஒரு வீம்பு வந்தது.

"ரேக் நல்லா இருக்கு" என்றாள். "சத்தம் நேத்தே நின்னுடுச்சு. சீட்டுக்கு அடியில ஒரு போல்ட்டு. நான்தான் முடுக்கினேன்."

"அப்ப எதுக்கு இன்னிக்கு வரச் சொன்னே?"

"சரியாயிடுச்சுன்னா இவர் வர மாட்டார். அதனால சொல்லல." குரல் நடுங்கவில்லை. முகம் மட்டும் கொதித்தது. "பொய்தான். டீச்சர், உங்க வண்டியில நான் பொய் சொன்னதில்ல. நம்பிக்கை இல்லைன்னா இப்பவே இறக்கித் தர்றேன், கொண்டு போங்க. ஆனா நல்லா இருக்கிறதைக் கெட்டுப்போச்சுன்னு சொல்ல மாட்டேன். என் மானத்தைக் காப்பாத்திக்கக்கூடச் சொல்ல மாட்டேன்."

மாமா பல்லைக் கடித்தார். "ஒருத்தனைப் பாக்க வண்டியைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, அதை வாய் கூசாம வேற சொல்றா. கிளம்பு மாப்ள."

அவன் கிளம்பவில்லை.

"சத்தம் வரல மாமா."

"இப்பத்தானடா லேசான்னே?"

"பொய் சொன்னேன். எங்கிட்ட வர்றவங்கள்ல சில பேரு கேக்காததையே கேட்டேன்னு பட்டனை அமுக்குவாங்க. எனக்குக் கோபமா வரும். இன்னிக்கு நானே அமுக்கிட்டேன்... நின்னுடுச்சுன்னு சொன்னா சாவியைக் கொடுத்து அனுப்பிடுவாங்களே."

"உங்கம்மாகிட்ட சொல்றேன் இரு."

"சொல்லுங்க. நீங்க முந்திக்கிட்டா எனக்கு ஒரு வேலை மிச்சம்."

மாமா குடையைக்கூட விரிக்காமல் மழையில் இறங்கி நடந்தார்.

"என் வண்டியை இறக்க வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டு டீச்சர் உட்கார்ந்தார். டாக்சிக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் சாவியை அவன் கையில் வைத்தாள். "இனிமே சத்தம்னு சொல்லிக்கிட்டு இந்தப் பக்கம் வராதீங்க."

அவன் முகம் வாடிவிட்டது.

"என்னைப் பாக்க வந்தேன்னு சொல்லிட்டு வாங்க. நாலு பேர் இருக்கிறப்பவே சொல்லுங்க. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. நான் சொல்லிட்டேன்..."

அவன் டீச்சரைப் பார்த்தான். டாக்சிக்காரரைப் பார்த்தான். பிறகு அவளை மட்டும்.

"முந்தாநாள் சத்தத்துக்காகத்தான் வந்தேன்" என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. "நேத்து உங்களைப் பாக்க வந்தேன்."