கிழக்குச் சுவர்

தான் சொல்லாத வேலை ஒன்று அங்கே முடிந்திருப்பதைத்தான் குலாம் முகம்மது முதலில் கவனித்தார். காபி கிளப்பின் கிழக்குச் சுவரில், சந்துப் பக்கமாகத் திறந்திருந்த சதுரப் பொந்தை யாரோ செங்கல் வைத்து அடைத்துச் சுண்ணாம்பும் பூசியிருந்தார்கள். அதை மூட வேண்டும் என்று, தான் வரைந்து கொடுத்த படத்தில் வட்டம் போட்டுக் காட்டியவர் அவர்தான். ஆனால் வேலை அன்றைக்குத்தான் தொடங்குவதாகப் பேச்சு. முதல் நாள் சாயங்காலம் அடைமழையில், அரிக்கேன் வெளிச்சத்தில் அவசரமாகக் கொத்தனாரைக் கூப்பிட்டு அடைக்க வேண்டிய தேவை என்ன?

பூச்சு காய்ந்ததா என்று பார்க்கக் கையை வைத்தார். சுவர் சூடாக இருந்தது.

வெளியே ஐப்பசி மழை. நரம்பு சுண்டும் குளிர். பச்சைச் சுண்ணாம்பு சூடு கக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் இந்தச் சூடு சுவர் முழுக்க இல்லை. இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும், துணி சுற்றி வைத்த வெந்நீர்ச் சொம்பு போல இருந்தது. கையை எடுத்தபோது உள்ளே என்னவோ பிறாண்டியது. மெல்ல. நகத்தால் பிறாண்டுவது போல.

பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த சமையல்காரர் கங்கப்பனிடம், "பெருச்சாளி உள்ள மாட்டிக்கிச்சு போல. விடுங்க, தானா அடங்கிடும்" என்றார்.

கங்கப்பன் கையில் ஈரத்துணி சுற்றியிருந்தது. கொதிநீர் பட்டது என்றார்.

குலாம் முகம்மதுவின் தொழிலுக்குக் கிருஷ்ணகிரியில் பெயர் கிடையாது. கடை ஜோடிக்கிற பாய் என்பார்கள். யுத்த காலத்தில் பெங்களூர் கண்டோன்மென்டில் வெள்ளைக்கார ஆபீசர்களின் சாப்பாட்டு மாளிகைகளுக்கு மேஜை, திரை, பலகைச் சுவர், விளக்கு என்று எல்லாம் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட வேலை. ஊர் திரும்பிப் பழையபேட்டையில் குடியேறியவர், ஜவுளிக்கடைகளுக்கும் வக்கீல் ஆபீசுகளுக்கும் உள்வேலை செய்துகொண்டிருந்தார். பெங்களூர் ரோட்டில் காபி கிளப் வைத்திருந்த நாராயணப்பன் அவரைக் கூப்பிட்டனுப்பியது, அணை வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த வருஷம். எஞ்சினியர்கள் ஜீப்பில் வந்து இறங்க ஆரம்பித்திருந்தார்கள். கிளப் பெங்களூர் மாதிரி இருக்க வேண்டும் என்று நாராயணப்பன் ஆசைப்பட்டார். அதோடு இன்னொன்றும் கேட்டார்.

"சட்டம் வந்துடுச்சு பாய். இனிமே யாரையும் உள்ள வராதேன்னு சொல்லக் கூடாதாம். சரி, நான் சொல்லல. நான் சொல்லாமலே தெரியணும். வாசல்ல கால் வெச்சதும் தன்னோட எடம் எதுன்னு அவனுக்கே தெரியணும். அப்படி ஒரு ரூம் பண்ணிக் குடுங்க."

அதுவரை சேரிக்காரர்களுக்குக் கிழக்குச் சுவர்ப் பொந்துதான். சந்தில் நின்று கொட்டாங்குச்சியை நீட்டினால் உள்ளிருந்து ஊற்றுவார்கள். குலாம் முகம்மதுவுக்கு அன்றைக்குக் காபி வந்தது கண்ணாடி கிளாசில். மற்றவர்களுக்குப் பித்தளை டவரா. அந்தக் கிளாசைத் திரும்ப எடுத்துப் போனவன் அதைத் தனியே ஒரு மூலையில் கவிழ்த்ததை அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, நாராயணப்பன் கேட்ட ரூமை யோசிக்கத் தொடங்கினார்.

நன்றாகவே யோசித்தார். கதவே இல்லை. வாசலுக்கு நேரே ஆளுயர பெல்ஜியம் கண்ணாடி. உள்ளே வருகிறவன் முதலில் பார்ப்பது தன்னைத்தான். தன் முழங்கால் புழுதியை, தன் சட்டைக் கிழிசலை. கண்ணாடிக்கு வலப்புறம் ஒரு படி உயரத்தில் பளிங்கு மேஜைகள், பலகைச் சுவர், குழல் விளக்கு. இடப்புறம் தரை மட்டத்தில், ஒரு மறைப்புக்குப் பின்னால், மங்கலான வெளிச்சத்தில் சிமென்ட் பெஞ்சு. எந்தச் சட்டமும் குறை சொல்ல முடியாது. கால் தானாக இடப்பக்கம் திரும்பும். படத்தை விரித்துக் காட்டியபோது நாராயணப்பன் வெகுநேரம் பார்த்துவிட்டு, "நீங்க பெரிய ஆள் பாய்" என்றார். குலாம் முகம்மதுவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் அவருக்கே பிடிக்கவில்லை.

பிறாண்டும் சத்தம் சில நாளில் நின்றுபோனது. சூடு நிற்கவில்லை.

கிழக்குச் சுவருக்குத் தேக்குப் பலகை அடித்தார்கள். அரக்கு பாலிஷை அவரே பஞ்சில் தோய்த்து, வட்டம் வட்டமாகத் தேய்த்து, முகம் தெரிகிற மாதிரி ஏற்றினார். மறுநாள் காலையில் வந்து பார்த்தபோது இடுப்புக்குக் கீழே அந்த இடத்தில் பாலிஷ் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. சூடான பாத்திரம் வைத்த மேஜையில் அப்படி வரும். சுரண்டி எடுத்து மறுபடி தேய்த்தார். மறுபடி கொப்புளம். இந்தத் தடவை பெரிது. ஓரத்தில் ஊசியால் குத்தினார். காற்று போகும் என்று நினைத்தார். வெதுவெதுப்பாக நீர் வந்தது. மோரின் தெளிவு போல மஞ்சள் பாய்ந்த நீர். விரலில் வழிந்து, பலகையில் கோடாக இறங்கி, தரைக்கு வருமுன் காய்ந்தது. கொப்புளம் சுருங்கிய இடத்தில் அரக்குத் தோல் மெல்லியதாக மடிந்து தொங்கியது.

பாலிஷ் தோல் அப்படி மடியாது. உடைந்து உதிரும். அது அவருக்குத் தெரியும்.

அன்று வீட்டுக்குப் போனதும் அவர் மனைவி தில்ஷாத் சட்டையை வாங்கித் துவைக்கப் போட எடுத்தவள், முகத்தருகே கொண்டுபோய் நின்றுவிட்டாள்.

"எந்த வீட்டுக்குப் போய்ட்டு வந்தீங்க? சட்டையில பிள்ள வாடை அடிக்குது."

"என்ன வாடை?"

"கக்கின பால் வாடைங்க. பிள்ளையத் தோள்ல போட்டுக்கினா வருமே, அது."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்தபோது அவள் கையிலிருந்த சட்டையைக் கீழே போடாமல் பிடித்தபடியே இருந்தாள்.

"செவத்த உடைச்சுப் பாருங்க."

"திறப்புக்கு அணை எஞ்சினியர் வர்றார். இது அவருக்குப் புடிச்சிட்டா ஆபீசர் கிளப் வேலை எனக்குத்தான். இப்பப் போய் உடைக்கிறேன்னு சொன்னா?"

"உங்களுக்குப் பயம் செவத்துக்குள்ள இருக்கறத நெனச்சா, நாராயணப்பன நெனச்சா?"

அவர் சாப்பிடாமல் படுத்தார்.

மறுநாள் மத்தியானம் மழை விட்டிருந்தது. சுவரின் மறுபக்கத்தைப் பார்க்கலாம் என்று சந்துக்குப் போனார். அடைத்த பொந்துக்குக் கீழே, சேற்றில், ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் சும்மாடு. அணைக்குக் கல் சுமக்கிறவள் என்று பார்த்தாலே தெரிந்தது. அவரைக் கண்டதும் எழுந்து ஒதுங்கினாள்.

"இங்க என்னம்மா பண்ற?"

"சும்மா குந்தினு இருக்கேன் சாமி. எங்க மாதம்மா இங்கதான் குந்துவா."

அவள் பெயர் முனிலட்சுமி. மாதம்மாள் அவளோடு கல் சுமந்தவள். கைப்பிள்ளைக்காரி. அவர் கேட்கக் கேட்கத்தான் சொன்னாள், அழாமல், அணைக்கல் தூக்கி வைப்பதுபோல ஒவ்வொரு வார்த்தையாக.

"இந்தப் பொந்த அடைச்ச அன்னிக்கு சாயங்காலம். பிள்ளைக்குக் காய்ச்சல். சுடுதண்ணி வேணும்னா. பொந்துல கூப்ட்டுப் பாத்தா, மழையில யாரும் வரல. சட்டம் வந்துடுச்சு, எல்லாரும் உள்ள போலாம்னு மேஸ்திரி சொல்லியிருந்தார். அத நம்பி முன்வாசல்ல ஏறிட்டா. மொதலாளி கத்தினாரு. சமையக்காரரு கொதிக்கிற தவலயத் தூக்கினாரு. மெரட்டத்தான் தூக்கினேன்னு அப்புறம் சொல்றாரு. களுத்துலேந்து எறங்கிடுச்சு சாமி. தோலு துணி மாதிரி வந்துடுச்சு. வண்டியில தூக்கிப் போட்டுக்கினு போனோம். ஆஸ்பத்திரி வாசல்லயே போய்ட்டா."

"பிள்ளை?"

முனிலட்சுமி சும்மாட்டைத் தலையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப யாருக்கும் பிள்ள நெனப்பு இல்ல. திரும்பி வந்து தேடினோம். அப்பத்தான் தத்தி நடக்கற பிள்ள. பஸ் நிக்கிற எடத்துல, சாக்கடையில, எல்லாம் பாத்தோம். போலீஸ்ல, பிச்சக்காரங்க தூக்கினு போயிருப்பாங்கன்னுட்டாங்க."

"மாதம்மா இங்க உக்காருவான்னு சொன்னியே. பிள்ளைய எங்க வெச்சுப்பா?"

அவள் சுவரைப் பார்த்தாள். அவர் ஏன் கேட்கிறார் என்று புரியாமல், சாதாரணமாகச் சொன்னாள்.

"பொந்துலதான். உள்ள அடியில பள்ளமா இருக்கும், கொட்டாங்குச்சி போட்டு வெக்கிற எடம். உள்ள அடுப்புச் சூடு வரும். அதுல எறங்கிச் சுருண்டுக்கும். கூப்ட்டாத்தான் வரும்."

மேலே சொட்டிக்கொண்டிருந்த ஓட்டுத் தண்ணீரின் சத்தம் அவருக்கு நின்றுபோனது. முதல் நாள் காலையில் முதன்முதலாகக் கை வைத்த அந்த இடம். நகச் சத்தம். தானா அடங்கிடும் என்று சொன்ன தன் குரல். அப்போது உடைத்திருந்தால். அன்றைக்கே உடைத்திருந்தால்.

அவளிடம் அதைச் சொல்லாமலே சந்திலிருந்து வெளியே வந்தார்.

நேரே நாராயணப்பனிடம் போனார். கல்லாவுக்குப் பின்னால் புது மெத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் முழுவதையும் கேட்டார். கோபப்படவில்லை.

"உக்காருங்க பாய். செவத்த உடைக்கலாம். உடைச்சு ஒண்ணும் இல்லேன்னா, நஷ்டத்தோட போச்சு. இருந்துச்சுன்னா? யாரு மூடச் சொன்னதுன்னு கேப்பாங்க. பொந்த மூடணும்னு வட்டம் போட்டது யாரு? அது மேல பலகை அடிச்சது யாரு? சத்தம் கேட்டுச்சு, பெருச்சாளின்னு சொன்னது யாரு? கங்கப்பன் கேட்டுக்கினு நின்னான்." குரலைத் தாழ்த்தினார். "போனது போயிடுச்சு. அதுக்கு இனி வலி இல்ல. உங்களுக்கும் எனக்கும் இன்னும் பொழைப்பு இருக்குது."

கண்ணாடி கிளாசில் காபி வந்தது. குலாம் முகம்மது குடித்தார்.

பிறகு ஆணிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய், கிழக்குச் சுவர்ப் பலகையில், அந்த இடத்தைச் சுற்றி, நீள ஆணிகளாகப் பார்த்து அடித்தார்.

திறப்பு விழா சாயங்கால டிபன் வேளையில். மாவிலைத் தோரணம், ஊதுபத்தி, நெய்யில் வறுபடும் முந்திரி, புதுக்காபிப் பொடி என்று எல்லா வாசனையும் ஒன்றாகக் கலந்து, குழல் விளக்கின் வெள்ளை வெளிச்சத்தில் மிதந்தது. பளிங்கு மேஜைகளில் எஞ்சினியரும் தாலூகா ஆபீஸ் ஆட்களும் உட்கார்ந்து, எச்சில் படாத வெள்ளி டம்ளர்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டப்படி நடப்பதைப் போட்டோ எடுக்க மேஸ்திரி அணைக் கூலிகள் நான்கைந்து பேரை அழைத்து வந்தார். அவர்கள் வாசல் படியேறினார்கள். கண்ணாடியில் தங்களைப் பார்த்தார்கள். ஒருவன் தலைத்துணியை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருவர் பின் ஒருவராக இடப்பக்கம் திரும்பி, மறைப்புக்குப் பின்னால் போய், சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

அவர் நினைத்தது அப்படியே நடந்தது. நாராயணப்பன் தூரத்திலிருந்து அவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

அப்போதுதான் குலாம் முகம்மது பலகையைப் பார்த்தார்.

ஆணித் தலைகள் வெளியே வந்திருந்தன. எல்லாம் இல்லை. அந்த இடத்தைச் சுற்றி அடித்தவை மட்டும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. பலகை உள்ளிருந்து புடைத்தது. பாலிஷ் கொப்புளமாகக் கிளம்பி, கழுத்துப் போல, தோள் போல விரிந்து, தோலாகத் தளர்ந்தது. எஞ்சினியரின் நாற்காலிக்கு மிக அருகில். அவர் திரும்பினால் தெரியும்.

குலாம் முகம்மது வேகமாக நடந்துபோய், பலகைக்கு முதுகு காட்டி நின்றார். கையைப் பின்னால் கொண்டுபோய், உள்ளங்கையை அந்தப் புடைப்பின் மேல் வைத்து அழுத்தினார்.

சூடு. எலும்பு வரை.

"பாய்தானா நீங்க?" எஞ்சினியர் நிமிர்ந்து சிரித்தார். "பெங்களூர்ல கூட இப்படி ஒரு ஹால் பாக்கல. இந்த வேலைப்பாடு எங்க கத்துக்கிட்டீங்க?"

"கண்டோன்மென்ட்ல சார்."

"ஆபீசர் கிளப்பையும் நீங்களே பண்ணிக் குடுத்துடுங்க."

"சரிங்க சார்."

கையை எடுக்க முடியவில்லை. எடுத்தால் பலகை விழும். உள்ளங்கைத் தோல் இழுபட்டது. புகைபோல ஒரு வாடை. நெய் வாடைக்குள் யாருக்கும் தெரியவில்லை. அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கவில்லை. மறைப்புக்குப் பின்னால் கூலிகள் சத்தமில்லாமல் காபி குடித்தார்கள்.

மரம் இளகியது.

கைக்குக் கீழே, அது மரமாக இல்லை. மெத்தென்று இருந்தது. ஈரமாக. என்னவோ மெல்ல நகர்ந்து, அவர் உள்ளங்கையைத் தடவித் தேடியது. மூக்கு. கன்னம். பிறகு உதடு. சின்ன உதடு. அது அவருடைய சுண்டுவிரலைக் கண்டுபிடித்தது. கவ்விக்கொண்டது. பல் இரண்டு, கீழே மட்டும், அரிசி முனை போல.

எஞ்சினியர் ஜாங்கிரியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

அது அவர் விரலைச் சப்பத் தொடங்கியது. பொறுமையாக. பால் வரும் என்று நம்பிக்கொண்டு.