சூடத்தைத் தொடாத கை

போன் மணி அடித்தபோது அந்தக் கடையில் இருந்தவர்கள் நான்கே பேர்.

'பூந்தேர் மார்க்' நெய் கம்பெனி முதலாளி சங்கரபாண்டியன்.

அவருடைய ஒரே மகன் உதயகுமார்.

கணக்குப்பிள்ளை செல்வதுரை.

நெய் டின்னைத் திருப்பி எறிய வந்த ராமலட்சுமி.

ட்ரிங்... ட்ரிங்...!

சங்கரபாண்டியன் ரிசீவரை எடுத்தார்.

"ஐயா! நான் வாட்ச்மேன் ஆண்டிச்சாமி... பந்தல்குடி ரோட்டுக் குடோன்ல இருந்து பேசுறேன்! நம்ம அருஞ்சுனை மண்டை ஒடஞ்சு கெடக்காருய்யா! மூச்சுப் பேச்சே இல்ல!"

"ஒடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கு!"

ரிசீவரை வைத்தவர், விஷயத்தைச் சொன்னார்.

அருஞ்சுனை!

அந்தக் கம்பெனியில் நெய் காய்ச்சியவன். போன மாதம் பூந்தேர் நெய்யில் மாட்டுக் கொழுப்பு கலந்திருப்பது வெளியே வந்தது. 'அருஞ்சுனை செஞ்ச வேலை' என்றான் உதயகுமார். மகன் சொன்னதை நம்பி சங்கரபாண்டியன் அவனை விரட்டினார்.

ஊர்தான் நம்பவில்லை. அருப்புக்கோட்டையில் ஒரு டின்கூட விற்கவில்லை.

"செத்தான்னா நல்லதுப்பா!" உதயகுமார் முந்திக்கொண்டான். "கலப்படம் பண்ணவன் போய்ச் சேந்துட்டான்னு நோட்டீஸ் அடிப்போம். ஆட்டோவுல மைக் கட்டுவோம். டின்னுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் இலவசம்! சனம் தன்னால வரும்!"

"டம்ளரா...?"

ராமலட்சுமி டின்னை மேஜைமேல் 'ணங்' என்று வைத்தாள்.

"பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டி, கருவாட்டு வாடைகூட வீட்டுக்குள்ள விடாம, ஒங்க நெய்யில அம்மனுக்கு வெளக்குப் போட்டேன். பசுவக் கும்புடுறவ கையாலயே பசுக் கொழுப்ப எரிக்க வச்சிட்டு... டம்ளரா தாரீக?"

"அக்கா, அதான் செஞ்சவன்..."

"செஞ்சது யாருன்னு நீங்கதான சொல்றீக! அண்ணாச்சி, நாளைக்கு மாரியம்மன் கோயில் வாசலுக்கு வாங்க. இதுல எங்க குடும்பத்துக் கை படலன்னு ஒங்க வீட்டு ஆளு சூடத்த அணைக்கட்டும். எங்க தெரு பூராவுக்கும் நானே நெய் வித்துத் தாரேன்!"

எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் செய்கிற சத்தியம். பொய் என்றால் வம்சம் விளங்காது!

சங்கரபாண்டியன் நிமிர்ந்து நின்றார்.

"என் மகன் அணைப்பான்!"

உதயகுமார் ஓரடி பின்வாங்கினான்.

"நா... நான் எதுக்குப்பா? செல்வதுரை அண்ணன் கம்பெனி ஆளுதான. அவுக அணைக்கட்டும்."

"அவரு வேதக்காரருல்ல? சர்ச்சுக்குப் போறவரு!"

"அதனாலதாம்ப்பா! அம்மன் அவுகள ஒண்ணும் செய்யாது!"



செல்வதுரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, எங்க வேதத்துல சத்தியமே பண்ணக் கூடாதுன்னு எழுதியிருக்கு. அது கெடக்கட்டும். கை சுத்தம்னா அம்மன் ஒங்கள மட்டும் என்ன செஞ்சிரப் போவுது?"

சங்கரபாண்டியன் மகனையே பார்த்தார்.

"ஏலே... உண்மையச் சொல்லு."

"அப்பா..."

"சொல்லுலே!"

"அவன் இன்னைக்குக் குடோனுக்குள்ள பூந்து, நான் வச்சிருந்த கொழுப்பு டின்ன எடுத்து ஒங்ககிட்ட காட்டப் போனாம்ப்பா! மறிச்சேன்... கையில எடைக்கல்லு இருந்துச்சு... எல்லாம் நம்ம கம்பெனிக்காகத்தாம்ப்பா!"

"அம்மன் வெளக்குல மாட்டுக் கொழுப்ப ஊத்துனது கம்பெனிக்காகவா?"

சங்கரபாண்டியனின் கை போனுக்குப் போனது.

உதயகுமாருக்கு உயிர் வந்தது. "மதுரை வக்கீலுக்குத்தானப்பா?"

"டவுன் ஸ்டேஷனா? பூந்தேர் கடை சங்கரபாண்டியன் பேசுறேன். என் குடோன்ல ஒரு ஆள அடிச்சுப் போட்டிருக்கு. அடிச்சவன் இங்கதான் நிக்கான். என் மகன். வந்து கூட்டிட்டுப் போங்க."

"அப்பா!!"

போலீஸ் வந்து சேருமுன் மறுபடியும் மணி.

"ஐயா! ஆண்டிச்சாமி! ஆஸ்பத்திரியில இருந்து பேசுறேன்! அருஞ்சுனை கண்ணு முழிச்சுட்டாரு! ஒங்களத்தான் தேடுறாரு!"

உதயகுமார் தலையில் அடித்துக்கொண்டான். "அவனே சொல்லப் போறான்! நீங்க எதுக்குப்பா முந்துனீக?"

"அவன் சொல்லி ஊருக்குத் தெரிஞ்சா நாம மாட்டுனதா ஆகும்லே. நம்ம வீட்டு அழுக்க நானே சொல்லணும்."

வாசலில் ஜீப் வந்து நின்றது. உதயகுமார் தலைகுனிந்து ஏறினான்.

சங்கரபாண்டியன் திரும்பினார். "இப்பவாவது நம்புதியாம்மா?"

ராமலட்சுமி டின்னை அவர் பக்கம் தள்ளினாள்.

"ஒங்கள நம்புதேன் அண்ணாச்சி. நெய்ய இல்ல."

டின்னை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்!

சங்கரபாண்டியன் மேஜையை ஓங்கிக் குத்தினார். மகனையே கொடுத்தாயிற்று. இன்னும் என்னத்தைக் கொடுப்பது?

இருந்த நெய் முழுவதையும் ஊர் பார்க்கக் குழிவெட்டிப் புதைத்தார். அருஞ்சுனை வீட்டுக்கு நடந்தே போய், வாசலில் நின்று, "என்னைய மன்னிச்சிரு... வேலைக்கு வா" என்றார். வாழ்நாளில் எவன் வாசலிலும் அப்படி நின்றதில்லை அந்த மனிதர்!

அருஞ்சுனை ஒரு நிபந்தனை போட்டான்.

"இனிமே அடுப்பு குடோன்ல வேண்டாம் மொதலாளி. கடை வாசல்ல இருக்கட்டும்."

வெண்ணெய் உருகியது தெருவே பார்க்க. வந்தார்கள். எட்டிப் பார்த்தார்கள். மோந்து பார்த்தார்கள். போய்விட்டார்கள்! மாசக்கணக்கில் இதே கதை. சங்கரபாண்டியன் பல்லைக் கடித்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டிய கையோடு ராமலட்சுமி வந்தாள். அடுப்பருகே நின்று கடைசிவரை பார்த்தாள்.

"ஒரு சின்ன பாட்டில் குடுங்க. வெளக்குக்கு மட்டும்."

அன்றைக்கு அந்த ஒரு பாட்டில்தான் விற்றது.

கடைசியாக ஒன்று.

சங்கரபாண்டியன் போலீசைச் சரிக்கட்டி, மகனைச் சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டதாக பஸ் ஸ்டாண்டில் இன்றைக்கும் பேசுகிறார்கள்.

பொய்.

உதயகுமார் மதுரை ஜெயிலில் இருக்கிறான். சமையல்கட்டில் வேலை. கலப்படம் செய்ய முடியாது... அங்கே நெய்யே கிடையாது!